முந்நூறு பெட்டிகளில் ஒரு கையெழுத்து

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? என் பிறந்தநாளுக்கு நீ எழுதிய கடிதத்திலும் லாரிச் சீட்டில் போடுவது போல முழுக் கையெழுத்து, கீழே தேதி. நான் என்ன பழைய இரும்பு லோடா?

எங்கள் கம்பெனியின் டைவ் வாட்ச் தயார். மொத்தமே முந்நூறுதான். நீ சோதித்து உலைக்கு அனுப்பிய பழைய எஃகில் செய்தது. கடலில் முந்நூறு மீட்டர் ஆழம் தாங்கும். வாங்குகிறவர்கள் கை கழுவும்போதே கழற்றி வைத்துவிடுவார்கள் என்பது வேறு விஷயம். சேகரிப்பாளர்களைக் கூப்பிட்டுக் காட்டினோம். ஒரு பல் டாக்டர், "எல்லாம் சரிங்க, இது முன்னாடி என்னவா இருந்துச்சு?" என்று கேட்டார். மூழ்கிய கப்பல் என்றார் முதலாளி. அத்தனை முகமும் மலர்ந்தது.

இது கப்பல் எஃகுதான் என்று நீ ஒரு சான்றிதழ் எழுதித் தா. ஒரே வரி போதும்.

உன் தம்பி

மார்ச் 15

அன்புத் தம்பிக்கு,

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. படிகள்தான் கூடிக்கொண்டே போகின்றன.

கப்பல் தகடு சாதா இரும்பு. அதில் வாட்ச் செய்தால் உன் பல் டாக்டரின் சட்டைக் கை ஒரே வாரத்தில் துருக்கறை ஆகிவிடும். உங்களுக்கு வந்தது எவர்சில்வர். நானே நின்று பிரித்த லோடு: ஓட்டல் கழுவுதொட்டிகள், ஆஸ்பத்திரித் தட்டுகள், லிஃப்ட் கதவு இரண்டு. நல்ல எஃகு. அதை எழுதச் சொல், இன்றே எழுதுகிறேன்.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

அக்கா

மார்ச் 27

அக்கா,

முதலாளியிடம் சொன்னேன். "கழுவுதொட்டியக் கையில கட்டிக்கிட்டு எவன் வெளிய போவான்?" என்றார். கப்பல் இல்லையென்றால் சேகரிப்பாளர்கள் விலகிவிடுவார்கள், என் வேலையும் போய்விடும். நாற்பத்தாறு வயதில் யார் வாசலில் போய் நிற்பேன்? அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த வருஷம் என் மார்க் சீட்டில் நீதானே கையெழுத்துப் போட்டாய்? அதுபோல நினைத்துக்கொள்.

தம்பி

ஏப்ரல் 6

தம்பி,

அந்தச் சீட்டில் இருந்தது உன் மார்க். கணக்கில் முப்பத்தொன்று. அதை நான் திருத்தவில்லையே?

முடியாதுப்பா. வேலை போனால் இங்கே வா. ஓர் அறை சும்மாத்தான் கிடக்கிறது.

அக்கா

மே 19

தம்பி,

பல் டாக்டர் நேற்று ஆபீஸுக்கு வந்திருந்தார், வாட்ச் பெட்டியோடு. "அந்தக் கப்பலைப் பத்திக் கேக்கலாம்னு வந்தேம்மா" என்றார். பெட்டிக்குள் சான்றிதழ். அதில் எங்கள் ஆபீஸ் விலாசம், என் கையெழுத்து. கீழே தேதி, பிப்ரவரி 20. நீ சான்றிதழ் கேட்டதே மார்ச்சில். உன் பிறந்தநாளுக்கு நான் எழுதிய கடிதத்திலிருந்து எடுத்திருக்கிறாய். தேதியை வெட்டக்கூடத் தோன்றவில்லை.

கழுவுதொட்டி என்று சொன்னேன். சிரித்துவிட்டார். "ஒரு நாளைக்கு நாப்பது தடவ கை கழுவுறவன்மா நான். இத அன்னைக்கே சொல்லியிருந்தா சந்தோஷமா வாங்கியிருப்பேனே" என்றார். பிறகு வாட்சைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

நாளை என் மேலதிகாரியிடம் சொல்லப்போகிறேன். சொல்லாமல் இருக்க முடியுமா என்று விடியும்வரை யோசித்தேன். முடியவில்லை.

அறையைக் கூட்டி வைத்திருக்கிறேன். வருவதென்றால் வா. கடிதம் மட்டும் இனி என்னிடமிருந்து வராது. இதன் கீழேயும் கையெழுத்துப் போடவில்லை. யார் எழுதியது என்று உனக்குத் தெரியும்.