பாஸ்போட் படத்தில் சிரித்தவனுக்கு

மச்சான்,

இன்று அந்தக் கோட்டை நானும் போட்டேன். பதுளைக் கடைவீதியில், நானாவின் ஸ்டூடியோவில், கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியில் தொங்குமே, அதே கறுப்புக் கோட்டு. கையை நுழைத்ததும் அந்துருண்டை வாசமும் ஊர்ப்பட்ட பேருடைய தலையெண்ணெய் வாசமும் சேர்ந்து மூக்கில் ஏறின. அளவெடுத்துத் தைத்ததா அது? ஊரெடுத்துத் தைத்தது. ஒல்லியோ குண்டோ, யார் போட்டாலும் முதுகுப் பக்கம் நானா உடுப்புக் கிளிப் இரண்டை மாட்டி இழுத்துவிடுவார். "முன்னால பாத்தா துரை, பின்னால பாத்தா துணி காயப்போட்ட கொடி" என்று நீதான் சொன்னாய். நம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து இந்தியாவுக்குப் போன ஆம்பளைகளில் பாதிப் பேர் பாஸ்போட்டில் இந்தக் கோட்டுக்குள்தான் இருக்கிறார்கள்.

"மகன், தாடையத் தூக்குங்க. காது ரெண்டும் தெரியோணும். பாஸ்போட்டுக்குக் காது முக்கியம்" என்றார் நானா, கெமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டே.

காது என்றதும் எனக்கு உடம்பே விறைத்துவிட்டது.

"ஆடாம நல்லா இருக்கீங்க. அப்படியே இருங்க."

ஆடாமல் அசையாமல் இருந்ததற்காக ஒரு மனுஷன் என்னைப் பாராட்டியது இதுதான் முதல் தடவை. நீ இருந்திருந்தால் நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருப்பாய்.

விஷயத்தைச் சொல்லாமல் கோட்டையே சுற்றிக்கொண்டிருக்கிறேன். கோயம்புத்தூருக்குப் போகிறேன்டா. ஆறே வாரம். ஒரு மோட்டர் பட்டறையில் கம்பி சுற்றப் பழக. பதுளையில் நான் படிக்கும் தொழில் வகுப்பிலிருந்து இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருவன் கெட்டிக்காரன். மற்றவன் ஆறு வாரம் இங்கே இல்லாவிட்டால் வாத்தியார்மார் நிம்மதியாக இருப்பார்கள் என்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவன். மோட்டரைச் சுற்றுவதற்கு முன்னால் ஆபீஸ் ஆபீஸாக நான் சுற்றிய சுற்றுக்கு, என் உடம்பில் ஒரு பல்பு மாட்டினால் எரியும்.

ஊரில் வாசலுக்கு ஒன்றாக எங்கள் வீட்டுக்குப் பொட்டலம் வந்துகொண்டிருக்கிறது. அந்தக் கரையில் இருக்கும் அக்காவுக்கு, தம்பிக்கு, சம்பந்திக்கு என்று கராம்பு, சவர்க்காரம், தேயிலைத் தூள். "தேயிலை அங்கயும் இருக்குமேம்மா" என்றால், "இருக்கும். நம்ம மலையில வெளஞ்சதா அது?" என்கிறாள் அம்மா. பெட்டியில் என் சட்டைக்குத்தான் இடமில்லை.

நீங்கள் புறப்பட்டதற்கும் நான் புறப்படுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. தோட்டத்து ஜனங்களை இரண்டு அரசாங்கமும் பங்கு போட்டுக்கொண்டபோது, குடியுரிமை கேட்டு எங்கள் அப்பா இலங்கைக்கு எழுதிப்போட்டார், உங்கள் அப்பா இந்தியாவுக்கு எழுதிப்போட்டார். ஒரே லயத்தில் அடுத்தடுத்த இரண்டு வீடு, நடுவில் ஒரு சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு தேசம். நான் போவது பயிற்சிக்கு. உங்களுடையது பெயர்ச்சி. நான் போய்விட்டுத் திரும்பி வருவேன்.

கோயம்புத்தூரிலிருந்து மலைப் பக்கம் பஸ் ஏறினால் கோத்தகிரி. உன் அம்மா, என் அத்தை, அங்கே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். கடல் தாண்டிப் போயும் அதே கூடை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போக வேண்டும். போய் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு வருஷமாக அது என் தொண்டையில் கிடக்கிறது, உனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த வருஷம், பாஸ்போட்டுக்குக் குடும்பப் படம் அனுப்பச் சொல்லிக் கண்டி இந்திய ஆபீஸிலிருந்து கடிதம் வந்த மறுநாளே மாமா எல்லோரையும் முதல் பஸ்ஸில் ஏற்றினார். மாமாவின் அவசரம்தான் ஊரறிந்ததாயிற்றே. கூப்பிடாமலே நானும் ஏறிக்கொண்டேன். ஸ்டூடியோவில் மாமா கோட்டோடு நாற்காலியில், பக்கத்தில் அத்தை கலியாணச் சேலையில், நடுவில் உன் தங்கச்சி. மூவருக்கும் பின்னால் நீ, தண்ணீர் தொட்டு வாரிய தலையோடு. இருந்தது ஒரே கோட்டு என்பதால் உனக்கு டை மட்டும் கிடைத்தது. சாரத்துக்கு மேலே சட்டை, சட்டைக்கு மேலே டை.

"இது கவர்மெண்டுப் படம். ஒருத்தரும் பல்லக் காட்டக் கூடாது" என்றார் மாமா.

நான் கெமராவுக்கு இடது பக்கம், திரைச்சீலை ஓரமாக நின்றேன். எல்லோரும் கெமராவைப் பார்த்தார்கள். நீ ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாய். எனக்கு அது போதாதா? இடது காதை ஆட்டினேன்.

என்னிடம் இருந்த ஒரே கலை அது. சத்தமில்லை, கை கால் அசைவதில்லை, சாட்சியில்லை. முகம் கோயில் சிலை மாதிரி இருக்கும், காது மட்டும் ஆட்டுக்குட்டிக் காது மாதிரி துடிக்கும். அதைக் கண்டால் உனக்குத் தாங்காது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடும்போது ஒரு தடவை ஆட்டினேன், சிரித்ததற்காக உனக்கு அன்றைக்கு அரைநாள் வேலை போனது. அன்றோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

நானா கெமரா மூடியைக் கழற்றி "ஒண்டு" என்றார். நீ உதட்டைக் கடித்தாய். "ரெண்டு" என்பதற்குள் வெடித்துவிட்டாய். சத்தமே வராத சிரிப்பு, தோள் குலுங்குகிற சிரிப்பு. உனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த யாருக்கும் தெரியவில்லை.

"பின்னால நிக்கிற மகன் கொஞ்சம் ஆடிட்டாரு. இன்னொண்டு எடுப்பமா?"

"மொகம் விழுந்துருச்சுல்ல, போதும் நானா. பஸ் போயிரும்" என்று மாமா கோட்டைக் கழற்றிவிட்டார்.

திரும்பி வரும்போது பசறை ரோட்டு வளைவு முழுக்க என் விலாவில் குத்திக்கொண்டே வந்தாய். "எல்லாரும் அழுதுகிட்டுப் போறாங்க. நான் மட்டும் சிரிச்சுக்கிட்டே போறேன்டா இந்தியாவுக்கு" என்றாய்.

படம் கண்டிக்குப் போனது. போன கையோடு மாமா தோட்டத்து ஆபீஸ் வேலைப் பதிவில் எல்லோருடைய பேரையும் வெட்டச் சொல்லிவிட்டார். கோழிகள் விலைக்குப் போயின. உங்கள் அம்மிக்கல் எங்கள் வீட்டுக்கு வந்தது. அம்மா இன்றைக்கும் அதில்தான் அரைக்கிறாள், நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. மூன்றாவது வாரம் கண்டியிலிருந்து கடிதம் வந்தது, படமும் அதோடு திரும்பி வந்தது. படத்தில் ஒருவருடைய முகம் தெளிவாக இல்லை, வேறு படம் எடுத்து அனுப்பவும்.

லயத்து வாசலில் வைத்துத்தான் மாமா உன்னை அறைந்தார். "எதப் பாத்துடா பல்லக் காட்டுன?"

நான் மலைத்தண்ணீர் விழுகிற பீலியடியிலிருந்து வாளியோடு வந்து மூன்றடி தள்ளி நின்றேன். உன் கண் என் பக்கம் திரும்பவே இல்லை. "சும்மா வந்துருச்சுப்பா" என்றாய். அந்த வாளியை நான் கீழே கூட வைக்கவில்லை.

பொழுது சாய்ந்த பிறகு பீலிக் கரையில் வைத்து, "நான் மாமாகிட்டச் சொல்லிர்றேன்" என்றேன்.

"விடுறா. சொன்னா உங்க அப்பா வேற பூசை போடுவாரு. ஒரு சிரிப்புக்கு ஒரு அறை போதும்."

போதவில்லையே, மச்சான்.

இரண்டாம் படத்துக்கு நீ என்னை வர வேண்டாம் என்றுவிட்டாய். அதில் நீ உதட்டைத் தைத்துக்கொண்டவன் மாதிரி நிற்கிறாய். அந்தப் படமும் போனது. மறுபடியும் காத்திருப்பு. பேர் வெட்டிய வீட்டுக்குத் தோட்டத்தில் வேலை கிடையாது. அதனால்தான் நீ விறகு லொறிக்குப் போனாய். ஒப்பந்தக்காரர் ஒருவர் மேல்மலையில் டர்பன்டைன் மரம் வெட்டிக்கொண்டிருந்தார், கட்டை ஏற்ற ஆள் தேவைப்பட்டது. ஐப்பசி மழை விடாமல் பெய்தது. ஏற்றி முடித்த லொறியிலிருந்து ஒரு ஈரக்கட்டை வழுக்கி உருண்டது. கீழே நின்றவன் நீ. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

முதல் படமே சரியாக விழுந்திருந்தால் அந்த மழை உன்னை நனைத்திருக்காது. மழைக்கு முன்னாலேயே கடல் தாண்டியிருப்பாய். நான் இதை எந்தப் பக்கமாகத் திருப்பிச் சுற்றினாலும் கம்பியின் இரண்டு முனையும் என் காதில் வந்துதான் முடிகிறது.

கருமாதி முடிந்த வாரம் பாஸ்போட் வந்தது. அதில் நாலு பேர். பதுளை ஸ்டேஷனில் ரயில் ஏறியது மூன்று பேர்.

ரயில் நின்றுகொண்டிருந்தபோது அத்தை ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்தார். "தம்பி, ஒண்ணு கேக்குறேன். அன்னைக்கு அவன் எதுக்குச் சிரிச்சான்? நீயும் அங்கதானே நின்ன?"

சொல்வதற்கு எனக்கு ஒரு நிமிஷம் முழுசாக இருந்தது. கார்ட் இன்னும் கொடியைக் கூட எடுக்கவில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவனுக்குச் சிரிக்கக் காரணம் வேணுமா அத்தை? அவன் சாவு வீட்டுலயே சிரிப்பானே." வாயில் சட்டென்று வந்துவிட்டது. எனக்கு எப்போதும் வருவது போலவே. சொல்லி முடித்த பிறகுதான் எந்தச் சொல்லை யாரிடம் சொன்னேன் என்று தெரிந்தது. அத்தை கோபிக்கவில்லை. "ஆமா, சிரிப்பான்" என்று தலையை ஆட்டினார், கையை விட்டார். மாமா எதிர் ஜன்னலில் டெமோதர மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் போய்விட்டது.

அன்றைக்கு அவர் தெரியாமல்தான் கேட்டாரா, தெரிந்துகொண்டே கேட்டாரா என்று இப்போதும் சில வேளை யோசிக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் காதை ஆட்டுவதில்லை. லயத்துப் பொடியன்கள் கேட்டால், "துருப்பிடிச்சிருச்சு, எண்ணெய் போடணும்" என்பேன்.

நான் வருகிறேன் என்று அம்மா எழுதியதற்குப் போன வாரம் அத்தையிடமிருந்து பதில் வந்தது. உன் தங்கச்சியின் கையெழுத்து, அத்தையின் பேச்சு.

"தம்பிக்கு ஒரு வேலை சொல்றேன். பாஸ்போட்டுல இருக்கிற படத்துல எம்புள்ள மொகம் எம்புள்ள மொகமாவே இல்ல. யாரோ கெட்டியாப் புடிச்சு நிறுத்தி வச்ச மாதிரி நிக்கிறான். வேற படமே இல்ல எங்ககிட்ட. திருப்பி அனுப்புனாங்களே, அந்தச் சிரிச்ச படத்த ரெண்டாம் படம் எடுக்கப் போனப்ப மாமா நானா கடையிலயே போட்டுட்டு வந்துட்டாரு. கெடந்தா கேட்டுப் பாரு. மாமா வேணாங்குறாரு. நீ கொண்டா."

எந்தப் படம் வேண்டாமென்று திரும்பி வந்ததோ அந்தப் படம்தான் வேண்டுமாம்.

படம் பிடித்து முடிந்ததும், கோட்டைக் கழற்றாமலே நானாவிடம் கேட்டேன். உன் குடும்பம் எது என்று சொல்வதற்குள்ளேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. "ஆடின மகனா?" என்றார். பிஸ்கட் டின் ஒன்றைக் கவிழ்த்தார். கண் மூடியவர்கள், தும்மியவர்கள், கைக்குழந்தை திமிறியதால் தாய் முகம் மறைந்தவர்கள் என்று இந்தியா வேண்டாமென்ற முகங்கள் எல்லாம் மேசையில் பரவின. அடியில் நீங்கள் கிடந்தீர்கள்.

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மாமா, அத்தை, தங்கச்சி மூவரும் நேராகக் கெமராவைப் பார்க்கிறார்கள். உன் முகம் கலைந்துதான் இருக்கிறது, பல் மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது. ஆனால் நான் இதுவரை நினைக்காத ஒன்று அதில் இருந்தது. நீ கெமரா பக்கமே இல்லை. உன் தலை திரைச்சீலைப் பக்கம் திரும்பியிருக்கிறது. யாரோ அங்கே நிற்கிறார்கள் என்று படம் பார்க்கிற எவருக்கும் தெரியும். அத்தை கண்ணுக்குத் தப்புமா?

கோத்தகிரியில் அத்தை இதைக் கையில் வாங்குவார். முதலில் அழுவார். பிறகு விரலால் உன் முகத்தைத் தடவி, நீ பார்க்கிற பக்கத்துக்கு அந்த விரல் போகும். அப்போது, "இங்க நின்னது யாருப்பா?" என்று கேட்பார்.

இந்தத் தடவை வாயால் சொல்லப் போவதில்லை, மச்சான். வாய் எனக்கு ஸ்டேஷனிலேயே கை கொடுத்துக் காலை வாரிவிட்டது. மறுபடியும் எதையாவது சொல்லி எல்லோரையும் தலையாட்ட வைத்துவிடும். "இதப் பாத்துத்தான் சிரிச்சான் அத்தை" என்று காதை ஆட்டிக் காட்டுவேன். அதற்குப் பிறகு அவர் என்ன செய்தாலும் சரி. மாமா உனக்குக் கொடுத்த அறை என்னுடையது, அதை அங்கேயே வாங்கிக்கொள்கிறேன்.

இரண்டு வருஷம் சும்மா கிடந்த காது ஆடுமோ ஆடாதோ என்ற பயம் வந்தது. ஸ்டூடியோக் கண்ணாடி முன்னால், அதே கோட்டோடு, முதுகில் இரண்டு கிளிப்போடு நின்றேன். படத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். முகத்தை இறுக்கிக்கொண்டு, இடது பக்கம் மட்டும்.

ஆடியது.

பின்னால் நானா விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணாடியில் எனக்குத்தான் உதடு இறுகிப்போய், உன் இரண்டாம் படத்து முகம் இருந்தது.