சீட்டின் ஓரத்தில் எழுதியிருந்தது

சின்னக்கானல், 12 ஆகஸ்ட் 1976, வியாழன்

கொழுந்து பறிக்கும் மேரியின் இரண்டு ரத்தப் பரிசோதனைகளையும் டாக்டர் இன்று, எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நான் எழுதிவரும் லேப் பதிவேட்டில் ஒப்பிட்டுப் பார்த்தார். மார்ச்சில் பொட்டாசியம் சரியாக இருந்தது. இப்போது மிகவும் குறைவு.

"அட்ரினல் சுரப்பியில கட்டி இருக்கும்போல. பிரஷரும் கால் தளர்ச்சியும் அதனாலதான். மார்ச்சுக்கு அப்புறம் வந்திருக்கு," என்றார்.

அப்புறம் வந்ததல்ல. மார்ச்சில் ஜீப் கிளம்பும் அவசரத்தில், சீரம் என்ற தெளிநீரைப் பிரிக்காமல் ரத்தத்தை அப்படியே டவுன் லேபுக்குக் கொடுத்தனுப்பினேன். மலைப்பாதைக் குலுக்கலில் ரத்த அணுக்கள் உடைந்தால் சீரம் சிவக்கும்; அவற்றிலுள்ள பொட்டாசியமும் அதில் கலந்துவிடும். குறைவாக இருப்பதும் சரியாக இருப்பதுபோல் தெரியும். 'சீரம் சிவந்திருந்தது, மறுபடி அனுப்பவும்' என்று லேப்காரர் ரிசல்ட் சீட்டின் ஓரத்தில் எழுதியிருந்தார். நான் எண்ணை மட்டும் பதிவேட்டில் ஏற்றினேன். டாக்டர் பதிவேட்டைத்தான் பார்ப்பார்; சீட்டைக் கேட்கமாட்டார்.

அந்த எண்ணை நம்பி அவளை வேலைக்கு அனுப்பினார்கள். கங்காணி அவளை நடிப்புக்காரி என்றார். ஜூனில் கால் துவண்டு, தேயிலைச் சரிவில் விழுந்து கையை முறித்துக்கொண்டாள்.

மார்ச்சிலேயே கால் தளர்ச்சி என்று வந்திருந்த மேரி மாலையில் என்னிடம் கேட்டாள்: "அப்ப மார்ச்சுல எடுத்தது என் ரத்தம் இல்லையா சார்?"

"உன் ரத்தம்தான்."

"பெறவு ஏன் சார் அது பொய் சொல்லிச்சு?"

ஊசிகளைக் கொதிக்க வைக்கப் போய்விட்டேன்.

அந்தச் சீட்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. பதிவேட்டில் மார்ச் வரிக்கு எதிரே எழுத இடமும் இருக்கிறது. அங்கே எழுதவேண்டியதை இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.