நிமிர்ந்து நிற்கும் ஏழு

புதன், இரவு.

துருவை வெட்டி வெல்டிங் செய்யக் கொடுத்திருந்த அப்பாவின் பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பார்க்கத் தண்டையார்பேட்டை பட்டறைக்குப் போனேன். பதிவைப் புதுப்பிக்க நாளை காலை ஆர்.டி.ஓ. ஆய்வு. வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் தொழிற்சாலை அடித்த எண்ணில் ஏழு மட்டும் சாய்ந்திருக்கும். அசல் என்பதற்கு அதுதான் அடையாளம். அந்த எண்ணின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்து ஆர்.டி.ஓ. கோப்பில் வைத்திருக்கும் பிரதியிலும் அது சாய்ந்தேதான் இருக்கிறது.

இன்று ஏழு நிமிர்ந்து நின்றது.

"கோணலா இருந்துச்சு சார். பாக்கவே கலீஜா இருந்துச்சு. தேச்சுட்டு நேரா அட்ச்சுட்டேன்," என்றார் வெல்டர் அந்தோணி. பாராட்டுக்குக் காத்திருந்தார்.

திருட்டு வண்டிக்கு எண் மாற்றுகிறவர்கள்கூட இவ்வளவு அழகாக அடிப்பதில்லை. நாளை வண்டியைப் பறிமுதல் செய்வார்கள். என்மேல் வழக்கும் வரும். அப்பா விட்டுப்போனது இந்த ஒரு வண்டிதான்.

வெட்கத்தை விட்டுக் கேட்டேன்: "பழையபடி கோணலாவே அடிச்சுடுங்களேன், அந்தோணி."

"இன்னொரு தபா தேச்சா இரும்பு தாங்காது சார். அதுவுமில்லாம, கோணலா அடிக்க நமக்குக் கை வராது."

ஆய்வாளரிடம் கொடுக்க, நடந்ததை நடந்தபடியே எழுதிப் பார்த்தேன். எப்படி மாற்றி எழுதினாலும் திருடன் எழுதியது போலத்தான் இருக்கிறது.