ரகுவின் தனிக் கச்சேரி

சனிக்கிழமை, மார்ச் 8

மதியம் எங்கள் அமெரிக்க ஊரான மான்மவுத் ஜங்ஷனில், இந்திய மளிகைக் கடையில் வசந்தா ஆன்ட்டியைப் பார்த்தேன். இங்கே வருஷா வருஷம் கச்சேரி ஏற்பாடு செய்பவர். கையைப் பிடித்துக்கொண்டார்.

"தொண்டை இப்ப எப்படிம்மா இருக்கு? டாக்டர் ஆறு மாசம் பாடவே கூடாதுன்னுட்டாராமே. நல்லவேளை, ரகு சோலோ பண்றேன்னு ஒத்துக்கிட்டார்."

என் தொண்டைக்கு ஒன்றுமில்லை. கல்யாணமானதிலிருந்து பன்னிரண்டு வருஷமாக நானும் ரகுவும் சேர்ந்துதான் பாடுகிறோம். இந்த வருஷக் கச்சேரி கேன்சல் ஆகிவிட்டது என்று என்னிடம் சொன்னவனே அவன்தான்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். அவன் மறுக்கவில்லை.

"உன் குரலுக்குப் பக்கத்துல என் குரலை யாரும் கேக்கறதில்ல மீனா. ஒரு தடவையாவது தனியா பாடணும்னு இருந்துச்சு."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"கேட்டா சரின்னுடுவ. அப்புறம் அது நீ விட்டுக்கொடுத்த மேடையா ஆயிடும்."

சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அது தெரிந்தும் ஊருக்கெல்லாம் என்னை நோயாளி ஆக்கியிருக்கிறான்.

அவன் எதிரிலேயே ஆன்ட்டிக்கு போன் செய்து, எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை என்றேன்.

"அப்ப நீயும் பாடறியாம்மா?"

"இல்ல ஆன்ட்டி. அவர் தனியாவே பாடட்டும்."

சாயங்காலம் அவன் சாதகம் செய்தான். மேல் ஸ்தாயியில் சுருதி இறங்கியது. வழக்கமாக அந்த இடத்தில் நான் சேர்ந்துகொண்டு தூக்கிவிடுவேன். இன்று சமையலறையில் அரிசி களைந்துகொண்டு சும்மா நின்றேன். அவன் பாதியிலேயே நிறுத்திவிட்டான்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுதான் தூங்கவிடவில்லை.