கிரேக்கம் கேட்டவளுக்குக் கிடைத்தது

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்தான், கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை.

பண்டைய இலக்கியப் பட்டத்துக்கு நான்கு வருடத் திட்டம் போட, கல்லூரி ஆலோசகர் திருமதி டிபெட்ஸிடம் போனேன். "முதல் வருஷமே கிரேக்கம் வேணும்" என்றேன். "தாராளமா, கண்ணு" என்று பதிந்துகொண்டார். பார்த்தால் மொழி வகுப்பில் என் பெயரே இல்லை! கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொண்டு விருந்து நடத்தும் மாணவியர் சங்கத்தில் சேர்த்துவிட்டிருக்கிறார்; இங்கே அதற்கும் 'கிரேக்கம்' என்றுதான் பேராம். மூன்று வருடம் படிக்க வேண்டிய மொழி வகுப்போ ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்தான் தொடங்கும். தவறினால் பட்டத்துக்கு ஐந்து வருடம். கேட்டதற்கு, "அதனாலென்ன, நாலு பேரோட பழகுவியே!" என்கிறார்.

கவலை வேண்டாம், பேராசிரியரிடம் மல்லுக்கட்டி வகுப்பில் இடம் பிடித்துவிட்டேன்.

அந்தச் சங்க வீட்டு வாசலைப் பார்க்க வேண்டுமே! கூரை போல நிற்க வேண்டிய லாம்டா எழுத்தைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள். இவர்களுக்குக் கிரேக்கம் ஒரு கேடா?

கம்பளிக் காலுறை அனுப்புங்கள். நம் கொட்டகையில் இருக்கும் ரேடியோவையும் அனுப்புங்கள், அறையில் ஏதாவது பேசிக்கொண்டிருக்கட்டும்.

அந்தப் பெண்கள் சனிக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்கள். போகிறேன். அந்த எழுத்தை நிமிர்த்தி மாட்டத்தான், வேறு எதற்கும் இல்லை.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மாரென்