நான்கு இதழ்ப் பூ

என்னங்க,

நீங்கள் பெட்டியோடு உங்கள் அக்கா வீட்டுக்குப் போனதைப் பற்றி எழுத உட்காரவில்லை. இது தொழில் விஷயம்.

நம் பட்டறையில் பருவம் எப்போதும் முந்திக்கொண்டு வரும் அல்லவா? திரைச்சீலைக் கடைக்காரர்கள் பூப்போட்ட துணியைக் குளிர்காலத்திலேயே கேட்டுவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு வசந்தத்திலும் நான் குனிந்த தலை நிமிராமல் இலையுதிர்காலத் துணிக்காக உதிர்ந்த இலைகளை வரைந்துகொண்டிருப்பேன். நீங்கள் வந்து, "வாசல் மரம் பூத்திருக்கு, ஒரு எட்டு வந்து பாரேன்" என்பீர்கள். "கையெல்லாம் சாயம், அப்புறம் பாக்கலாம்" என்பேன். "சரிங்க, பிஸி மேடம்" என்று சிரித்து, ஒரு பூவை என் மேஜையில் வைத்துவிட்டுப் போவீர்கள். துணித் துண்டுகளோடு அதையும் கூட்டித் தள்ளிவிடுவேன்.

இந்த வருஷம் மேஜைக்குப் பூ வரவில்லை. நேற்று நானே இறங்கிப் போய் ஒன்றைப் பொறுக்கினேன். ஐந்து இதழ்!

அதே பூவைச் செதுக்கிய நம் அச்சுக்கட்டையில் நான்குதான். ஊரெல்லாம் ஜன்னல் திரைகளில் அப்படியே தொங்குகிறது. தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று முதலில் உங்கள் மேல் கோபம் வந்தது. வருஷா வருஷம் பூவையே கண்முன் கொண்டுவந்து வைத்தவரிடம் இதைக் கேட்க எனக்கு வாய் ஏது?

புதுக் கட்டை செதுக்கச் சொல்லிவிட்டேன். பட்டறை ஜன்னலில் தொங்கிய நம் பூத்திரையையும் கழற்றிவிட்டேன். இப்போது மரம் முழுசாகத் தெரிகிறது.

வெளிவாசல் கதவும் தெரிகிறது.

உங்கள்
பிஸி மேடம்