உனக்கு வராத மெட்ராஸ் ஐ

கண்ணில் விட்ட சொட்டு மருந்து தொண்டையில் இறங்கிக் கசக்கிறது. மெட்ராஸ் ஐ. இந்த வயதில் கறுப்புக் கண்ணாடியும் நைட்டியுமாக வீட்டுக்குள் உலாவுகிறேன். உன் அண்ணன், "எந்தக் கட்சியில சேர்ந்தே?" என்கிறார். அதைச் சொல்லிச் சிரிக்க உன்னைத்தான் தேடினேன், நீ செத்துப்போனதுகூட ஒரு நிமிஷம் மறந்து.

அப்போது திருவாரூர் வீட்டில் நான் புது மருமகள். ஊரெல்லாம் கண்வலி; எனக்கும் வந்து பின்கட்டு அறையில் தள்ளியிருந்தார்கள். கீழ்வேளூரில் வாழ்க்கைப்பட்டிருந்த நீ, ஒற்றைப் பையோடு வந்து இறங்கினாய். இரண்டு கண்ணும் செக்கச்செவேல். அத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"இவளுக்கும் வந்துடுச்சா! போடி, அண்ணி ரூமுக்கே போ."

நீ மறுக்கவில்லை.

காலையில் பீளை கட்டி ஒட்டிக்கிடக்கும் என் இமைகளை, வெந்நீரில் பஞ்சு நனைத்து நீதான் துடைத்துவிடுவாய். உன் கண்ணோ விடிந்ததும் தெளிந்திருக்கும். பேச்சில் உன் புருஷன் வந்தால் மறுபடி சிவக்கும். வம்புக்கு அலைகிற எனக்கு இது போதாதா?

"ஏண்டி, உனக்கு வந்திருக்கறது மெட்ராஸ் ஐதானா?"

"கத்தாதீங்க அண்ணி. அழுதேன், அதான். அவர் கை நீட்டுறாரு. இனிமே அங்க போக முடியாது. இப்ப சொன்னா, பொறுத்துப் போன்னு அம்மா நாளைக்கே பஸ் ஏத்திவிட்டுடும். கண்ணு சரியாகறவரைக்கும் எப்ப ஊருக்குன்னு யாரும் கேக்கமாட்டாங்க. அதுக்குள்ள தைரியம் வந்துடும்."

ஊர்க்கதையெல்லாம் சுடச்சுடப் பரிமாறிய இந்த வாய், அதை மட்டும் விழுங்கிக்கொண்டது. என் கண் தெளிந்த பிறகும், "அவளுக்கு இன்னும் உறுத்துதாம் அத்தை, காத்து படக்கூடாது" என்று டாக்டர் மாதிரி அளந்தேன்.

துண்டு, தலையணை உறை எல்லாம் தனித்தனியாகத்தான் வைத்திருந்தோம். ஆனாலும் ஒரு காலையில் கூவினாய்: "அண்ணி, கண்ணத் தொறக்க முடியல!" நிஜமாகவே ஒட்டியிருந்தது. வியாதி வந்ததற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டவளை நான் பார்த்ததில்லை. தேய்க்கப்போன கையில் ஒன்று போட்டுவிட்டுச் சொட்டு விட்டேன்.

"கசக்குது அண்ணி."

"அளந்த பொய்க்கும் சேர்த்துக் கசக்கட்டும்."

கண் தெளிந்த அன்று, அரிசி புடைத்துக்கொண்டிருந்த அத்தைமுன் போய் நின்றாய். "அம்மா, கண்ணு சரியாயிடுச்சு. ஆனா நான் ஊருக்குப் போகல." காரணத்தையும் சொன்னாய். பார்வை தாழவில்லை. அத்தை முறத்தைக் கீழே வைத்தார். உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "உன் பெட்டியை எடுத்துட்டு வர அண்ணன அனுப்பறேன்" என்றார்.

இப்போதும் சொந்தத்தில் எந்தப் பெண்ணாவது சிவந்த கண்ணோடு வந்து நின்றால் நான் காரணம் கேட்பதில்லை. "மெட்ராஸ் ஐயா?" என்கிறேன். தலையாட்டினால் போதும். துவைத்த துண்டு ஒன்றைக் கொடுத்து அறையைக் காட்டிவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி, "யாரும் கிட்ட வராதீங்க, ஒட்டிக்கும்!" என்று கத்திக் கதவைச் சாத்துகிறேன்.